வியாழக்கிழமை நான் போகாத வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, சகுனம் ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போவேன், விரதம் பிடிப்பேன், அது வேறு. யாராவது வந்து மேல்மாடியில் சத்தம் கேட்கிறது என்று சொன்னால், ஹீட்டர் குழாயாக இருக்கும், ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று சொல்கிற ஆள் நான். இருபத்திரண்டு வருடமாக டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எத்தனையோ பேர் என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடியிருக்கிறார்கள். அந்த அறைகளில் தனியாக நின்று, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, உயிர் வெளியே போகட்டும் என்று இங்கத்தைய வழக்கப்படி யன்னலைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஒருவரும் திரும்பி வந்து என்னை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது சொல்லப்போகிற கதையிலும் செத்தவர் யாரும் திரும்பி வரவில்லை. வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

எங்கள் இல்லத்தில் மொய்ரா என்று ஓர் ஐரிஷ்காரி இருந்தார். எண்பத்தைந்து வயது. இருபத்திரண்டு வயதில் ஒரு டெனிஷ் கப்பல்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அந்த மனிதர் இறந்து நெடுநாள், பிள்ளைகள் இல்லை. மறதி நோய் வந்து, அறுபது வருடம் பேசிய டெனிஷ் அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. முதலில் மரக்கறிகளின் பெயர் போனது, பிறகு கிழமை நாட்கள் போயின, கடைசியில் நன்றி சொல்லுகிற சொல்கூடப் போய் முழுக்க ஆங்கிலமாகிவிட்டது. எங்களோடு வேலை செய்கிற இளம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும், ஆனால் அவர்களுக்கு வேலை முடிந்தால் ஓட வேண்டும். நான்தான் கட்டிலோரம் இருந்து கதைப்பேன். பெரிய மனசுக்காரி என்று நினைக்க வேண்டாம், எனக்குப் பயம். எனக்கும் ஒருநாள் டெனிஷ் இப்படிக் கழன்று விழும்போது யார் வந்திருந்து என்னோடு தமிழில் கதைப்பது? என் மகள் ஆரபியே நான் தமிழில் கேட்டால் டெனிஷில்தான் பதில் சொல்லுகிறாள்.

அந்த ஆரபிதான் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அயர்லாந்துக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாள். மொய்ராவின் கதைகளை வீட்டில் வந்து நான் ஓயாமல் சொல்லிக் கொண்டிருந்ததால் வந்த வினை. ஓர் ஆளுக்கு மட்டும் டிக்கெட். நாங்கள் எங்கே போனாலும் யாருடைய வீட்டுக்காவதுதான் போவோம், லண்டன் என்றால் சித்தி வீடு, டொரொண்டோ என்றால் மச்சாள் வீடு, அதுவும் கலியாணமோ செத்தவீடோ இருந்தால்தான். தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு, ஒரு காரியமும் இல்லாமல், தனியாகப் போவது என்பது எனக்கு விளங்கவே இல்லை. இவருக்கும் விளங்கவில்லை.

"தனியப் போய் அங்கை என்ன செய்யப் போறீர்? ஆக்கள் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார் என் கணவர்.

"மனிசி ஊர் பாக்கப் போட்டாள் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எனக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது.

போவதற்கு முதல் நாள் மொய்ரா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில், எனக்கு வருகிற தமிழில் சொல்லுகிறேன். தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துத் தந்தார். உள்ளே ஒரு பழைய வட்ட மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கக் கால் உடைந்து நீல நூலால் சுற்றிக் கட்டியிருந்தது.

"இது என்ரை அம்மான்ரை. நான் களவெடுத்தது" என்றார்.

அந்தக் கலியாணத்துக்கு அம்மா சம்மதிக்கவில்லை. மொய்ரா ஒருநாள் விடியற்காலை ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போனார். போகும்போது, அம்மா அந்தக் கடிதத்தை உடனே வாசித்துவிட்டுப் பின்னால் ஓடி வராமல் இருக்க, யன்னல் விளிம்பில் இருந்த அம்மாவின் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தம்பி ஷோனுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன்தான் அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மொய்ரா அந்த வீட்டுக்குப் போகவில்லை. அம்மா இறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் அறிந்தாராம். கடிதம் எழுதியதுகூட இல்லை, வெட்கம்.

"ஷோன் இருந்தா அவனிட்டைக் குடும். இல்லாட்டி அந்த வீட்டிலை ஆர் இருந்தாலும் சரி, யன்னல் விளிம்பிலை வைச்சிட்டு வாரும். அது அங்கை இருந்தது எண்டு மட்டும் சொல்லும்" என்றார்.

எங்கள் வேலையில், அங்கே இருக்கிறவர்களிடம் ஒரு பொருளும் கைநீட்டி வாங்கக் கூடாது, அப்படி ஒரு சட்டம். ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். கட்டாயம் குடுப்பன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியமும் செய்தேன், கேட்காமலே. அந்த மேற்குக் கரைக் கிராமத்தின் பெயரையும் வீட்டுக்குப் போகிற வழியையும் அவர் சொல்ல ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் டப்ளினில் திரிந்தேன். தனியாக ஒரு கடையில் இருந்து சாப்பிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, முதல் நாள் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. வியாழன் காலை மேற்கே போகிற பஸ். நிலையத்துக்குப் போனால் பலகையில் அந்த ஊர்களுக்கு நேரே எல்லாம் ரத்து என்று இருந்தது. இரவு மேற்கே புயல் அடித்திருக்கிறது, றோட்டுக்கு மேலால் தண்ணீர், இன்றைக்கு ஒன்றும் போகாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியோடு நின்று கொஞ்ச நேரம் முழித்தேன். இவருக்கு போன் எடுக்கலாம் என்று நினைத்தேன், எடுத்தால் நான் அப்பவே சொன்னன் என்பார். பக்கத்து வரிசையில் தெற்கே ஒரு துறைமுக ஊருக்குப் போகிற பஸ் நின்றது. சாரதியிடம் அங்கே மழையா என்று கேட்டேன், வெயில் என்றார். ஏறிவிட்டேன்.

அந்தச் சந்தோசத்தை நான் மறைக்கக் கூடாது. பஸ் வெளிக்கிட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது வயதில் முதல் தடவையாக ஒருத்தரையும் கேளாமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த ஊரில் பச்சை, மஞ்சள், ஊதா என்று சாயம் அடித்த வீடுகளுக்கு முன்னால் நின்று ஐஸ்கிறீம் குடித்தேன். படம் எடுத்து ஆரபிக்கு அனுப்பினேன். நீ கெட்டிக்காரி அம்மா என்று டெனிஷில் எழுதினாள். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கைப்பைக்குள் இருந்த கண்ணாடியை அன்று முழுக்க நினைக்கவே இல்லை.

புயல் வந்தது, பஸ் ஓடவில்லை, நான் என்ன செய்வது? இதுவரைக்கும் நீங்கள் என்னில் பிழை சொல்ல மாட்டீர்கள், நானும் சொல்லவில்லை. பிழை வெள்ளிக்கிழமைதான் நடந்தது. அன்று காலை தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண் கோப்பி ஊற்றிக்கொண்டே, மேற்கே றோட்டெல்லாம் திறந்துவிட்டார்கள், நீங்கள் போக நினைத்த ஊருக்கு எட்டரைக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றார். போக நாலரை மணித்தியாலம், வர நாலரை. சனிக்கிழமையும் எனக்கு இருந்தது, இரவு அங்கேயே தங்கியிருக்கலாம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு மணி. இன்னொரு துண்டு பாணை எடுத்து அதற்கு வெண்ணெய் பூசினேன். மெதுவாகத்தான் பூசினேன். எட்டரை மணி ஆகிறவரைக்கும் அந்த மேசையில் இருந்தேன், பிறகு 'அட, பிந்திப் போச்சே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று படகில் ஏறி ஒரு கோட்டை பார்த்தேன். கம்பளிக் கடைக்குப் போய் இவருக்கு ஒரு சுவெட்டர் வாங்கினேன். நல்ல நாள், பொய் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை பெட்டி அடுக்கும்போது கைக்குட்டைப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது.  திருப்பிக் கொண்டு போனால் மொய்ராவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? தபாலில் அனுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றுவதற்கு நான் விடவில்லை. துறைமுகச் சுவரின் கடைசிக்கு நடந்து போனேன். எங்கள் ஆட்கள் சாம்பலைக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தால் அதோடு கடமை முடிந்தது என்போம் அல்லவா, அந்த நினைப்பு வந்தது. இதுவும் செத்த மனிசியின் பொருள்தானே, எல்லாக் கடலும் ஒரே கடல்தானே, இந்தக் கடல்தானே அந்தக் கிராமத்துக் கரையிலும் அடிக்கிறது. வாய்க்குள் ஒரு தேவாரம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை எறிந்தேன். கடவுளையும் கூட்டுக்குச் சேர்த்துக்கொண்டேன் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. கண்ணாடி தாழ்ந்து போனதை என் கண்ணால் கண்டேன். கைக்குட்டையைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன்.

இங்கே கோல்டிங் என்ற ஊரில் இருக்கிற சாந்தியக்காவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவர் ஒருமுறை யாழ்ப்பாணம் போகும்போது என் அண்ணருக்கு என்று அவர் கையில் மருந்துப் பொதி ஒன்று கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கொழும்பில் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து அண்ணரிடம் கொடுத்ததாகச் சொன்னார். தெரியவந்ததும், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் அத்தனை சனத்துக்கும் முன்னால் வைத்து, "ஒரு பொதியை நம்பித் தர ஏலாத ஆக்களெல்லாம் மனிசரோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழும்பிப் போனார். துறைமுகத்தில் இருந்து திரும்பி நடக்கும்போது அந்தத் தட்டுத்தான் கண்ணுக்குள் நின்றது.

திரும்பி வந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மொய்ரா மறந்திருப்பார் என்று ஓர் ஆசை. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில் இல்லாத மனிசிக்கு இது மட்டும் நினைவிருந்தது. அறைக்குள் காலை வைத்ததும் கேட்டார்.

"குடுத்தீரோ?"

"ஓம், குடுத்தனான்" என்றேன்.

ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம். அவர் கேட்கக் கேட்க நானும் கட்டிக்கொண்டே போனேன். தாழ்ந்த கூரை வீடு என்றேன், ஓம் என்றார். ஷோன் உயிரோடு இருக்கிறார் என்றேன், அழுதார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார் என்றேன். கண்ணாடியைக் கையில் வாங்கி யன்னல் விளிம்பில் தானே வைத்தார் என்றேன். கடைசியில் மொய்ரா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா கோவத்திலையோ போனவ? அவன் அதைப் பற்றி ஏதும் சொன்னவனோ?"

இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது யாரும் என் கையில் தந்துவிட்ட பொருளும் இல்லை.

"கோவமே இல்லையாம். கடைசி மட்டும் உங்களைத்தான் கேட்டவவாம்" என்றேன்.

மொய்ரா அன்று நன்றாகச் சாப்பிட்டார். மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம், அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். நான்தான் யன்னலைத் திறந்தேன். ஒரு பொய்யால் ஒரு மனிசி நிம்மதியாகப் போனாவே, அதில் என்ன குற்றம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாதி நம்பியும் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பொறுப்பாளர் வந்து, மொய்ராவுக்கு அயர்லாந்தில் சொந்தக்காரர் இருக்கிறார்களாம், தம்பியின் மகன் போன் எடுத்தவர், வெள்ளிக்கிழமை செத்தவீட்டுக்கு வருகிறார் என்றார். எனக்குக் கையிலிருந்த துவாய் விழுந்துவிட்டது. தம்பி உண்மையிலேயே இருக்கிறார். மகன் வருகிறான். வந்து, எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொய்ராவின் கதையை நான் என்னோடு வேலைசெய்யும் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், ஐரிஷ் வீட்டில் தேத்தண்ணி குடித்தது உட்பட. இவருக்கும் ஆரபிக்கும்கூட அதைத்தான் சொல்லியிருந்தேன். அந்த மூன்று இரவும் நித்திரை இல்லை. முதலே போய்ப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுவோம் என்று கதவுவரைக்கும் இரண்டு தரம் போய்த் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை சிறிய தேவாலயத்தில் நாங்கள் ஆறு பேர்தான். அவன் பெயர் கெவின், நாற்பது வயது இருக்கும், சிவந்த முகம். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தான், என்னைக் கண்டான், நேரே வந்து ஒரு கதையும் இல்லாமல் என்னைக் கட்டிப்பிடித்தான். நான் அப்படியே விறைத்துப் போய் நின்றேன். அங்கே மண்ணிறத் தோல் உள்ளவள் நான் ஒருத்திதான், யாரோ சொல்லியிருப்பார்கள், அடையாளம் பிடிக்க என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் என் மூளை வேலை செய்யும்.

பிறகு இல்லத்துக்கு வந்து கோப்பியும் பன்னும் சாப்பிட இருந்தோம். பொறுப்பாளர் அவனிடம், எப்படி எங்களைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

"இவதான் நம்பர் எழுதித் தந்தவ" என்று என்னைக் காட்டினான். "அண்டைக்கு எங்கடை வீட்டுக்கு வந்தபோது."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சட்டைப் பையில் இருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு பக்கக் காலில் நீல நூல். நூல் சுற்றியிருந்த விதம், முடிச்சு இருந்த இடம், எல்லாம் அதே. அப்பா இதை அத்தையோடு புதைத்துவிட்டு வரச் சொன்னார், ஆனால் இங்கே வந்ததும் மனம் வரவில்லை, திருப்பிக் கொண்டு போகப் போகிறேன் என்றான். நான் அதைத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது.

எந்த நாள் வந்தேன் என்று கேட்டேன், பகிடி மாதிரிச் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"வியாழக்கிழமை. புயல் நாள். மூண்டு மணி இருக்கும்" என்றான். "றோட்டிலை ஒரு வாகனமும் ஓடேல்லை. நீங்கள் தெப்பமா நனைஞ்சு வந்து கதவைத் தட்டினீங்கள். பெருந்தெருவிலையிருந்து நடந்து வந்ததெண்டு சொன்னீங்கள். அப்பா இண்டைக்கும் அதைச் சொல்லி ஆச்சரியப்படுவார்."

வியாழன் மூன்று மணிக்கு நான் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை அவர்களிடம் கொடுத்த கண்ணாடியைச் சனிக்கிழமை நான் எப்படிக் கடலில் எறிவது?

வேறு யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு குழப்பம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது அவன் இன்னொன்று சொன்னான். தேத்தண்ணி கொடுத்தபோது நீங்கள் சீனியைக் கோப்பைக்குள் போடாமல் உள்ளங்கையில் வைத்து, ஒரு வாய் தேத்தண்ணிக்கு ஒருமுறை நக்கி நக்கிக் குடித்தீர்கள், அன்றிலிருந்து அப்பாவும் அப்படித்தான் குடிக்கிறார் என்றான். ஊரில் சீனிக்குத் தட்டுப்பாடான காலத்தில் எங்கள் வீட்டில் பழகிய பழக்கம் அது. டென்மார்க் வந்த நாளில் இருந்து வெள்ளைக்காரருக்கு முன்னால் ஒருநாளும் நான் அப்படிக் குடித்ததில்லை. வீட்டில்கூட, ஒருத்தரும் இல்லாத நேரம் குசினிக்குள் நின்றுதான் குடிப்பேன். இவருக்கே தெரியாது.

"அதோடை நல்லா அழுதீங்கள்" என்றான் கெவின். "ஏனெண்டு கேட்டம், நீங்கள் சொல்லேல்லை. மன்னிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தீங்கள்."

எழும்பிக் கழுவுகிற அறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். பயத்தைவிட வெட்கம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது. நான் தப்பிவிட்டேன். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை, எல்லாப் பொய்யும் உண்மையாகிவிட்டது, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். சுவர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவள் நான். புயலுக்குள் நடந்து போய் அந்தக் கதவைத் தட்டி அழுதவள் யாரோ, அவளுக்குக் கிடைக்க வேண்டிய நன்றியையும் நான்தான் கோப்பி குடித்துக்கொண்டு வாங்குகிறேன். இதையாவது செய்யக் கூடாது என்று தோன்றியது.

கெவின் டாக்சிக்காக வெளியே நின்றான். நான் ஜாக்கெட் போடாமல் ஓடினேன்.

"தம்பி, நான் உங்கடை வீட்டுக்கு வரேல்லை" என்றேன். தம்பி என்று தமிழிலேயே வந்துவிட்டது, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். வியாழக்கிழமை தெற்கே இருந்தேன், வெள்ளிக்கிழமை வரக்கூடியதாக இருந்தும் வரவில்லை, கண்ணாடியைக் கடலில் எறிந்தேன், உன் அத்தைக்குச் சொன்னதெல்லாம் பொய், உன் பாட்டி கோபம் இல்லாமல் போனார் என்றும் நானே கட்டிச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். போனை எடுத்து அந்தச் சாயம் அடித்த வீடுகளின் படங்களையும் காட்டினேன். நாளும் நேரமும் கீழே இருந்தன.

அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான்.

"வடிவான ஊர். ஆனா ஒண்டிலும் நீங்கள் இல்லையே" என்றான்.

தனியாகப் போன ஆளை யார் படம் எடுப்பது என்று கேட்டேன். அவனுக்குக் கோபமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. போனை என் கையில் திருப்பித் தந்து, என் கையை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"ஓம், இப்பிடித்தான் சொல்லுவன் எண்டு நீங்களே சொன்னனீங்கள்" என்றான். "போகேக்கை வாசலிலை மழைக்கை நிண்டு அப்பான்ரை ரெண்டு கையையும் பிடிச்சுச் சொன்னனீங்கள். பிறகு எங்கையாவது என்னைக் கண்டா, நான் வரேல்லை எண்டுதான் சொல்லுவன், நம்பாதேங்கோ, வெக்கத்திலை சொல்லுவன் எண்டு."

டாக்சி வந்தது. அவன் இன்னொருமுறை நன்றி சொல்லிவிட்டு ஏறிப் போனான். எனக்குக் குளிர் தெரியவில்லை. உள்ளேயிருந்து பொறுப்பாளர் வந்து என் தோளில் ஜாக்கெட்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனதாக ஞாபகம்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு வந்து அன்றே இவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"சும்மா இரும். அந்தப் பெடியன் அவ்வளவு தூரத்திலையிருந்து வந்து பொய்யே சொல்லுவான்?" என்றார். களைப்பு, மொய்ராவின் கவலை, அதுதான் இப்படிக் கதைக்கிறீர் என்று தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஆரபி டொக்டரிடம் நாள் எடுத்துத் தந்தாள். சாந்தியக்காவுக்கும் போன் எடுத்து, அந்தச் சாமத்திய வீட்டில் கதைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, நான் செய்ததையும் சொன்னேன்.  அவர், என்னைச் சமாதானப்படுத்த இப்பிடிக் கதை கட்டத் தேவையில்லைத் தங்கச்சி, நீங்கள் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியும் என்றார். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அந்த வீட்டுக்குப் போனது யார் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, ஏதாவது காரணம் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் போகவில்லை. தயவுசெய்து அதை மட்டும் நீங்களாவது நம்புங்கள்.